‘மிச்சம் ஒன்று’: ஆரம்ப வகுப்புக் கணிதபோதனை பற்றிய ஒரு வழக்குரை

இரு விடைகள்

பல்கலைக்கழக விடுமுறையின்போது மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றிற் சில வாரங்கள் தொண்டராகப் பணிபுரியும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மூன்றாந் தர வகுப்பு. கரும்பலகையில் 27இன் கீழ் 15 எழுதப்பட்டுக் கூட்டற்குறி இடப்பட்டிருந்தது. முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி தன் கொப்பியில் 312 என விடை எழுதியிருந்தாள். எவ்வாறு வந்தது என வினவினேன். “ஏழும் அஞ்சும் பன்னெண்டு, ரெண்டும் ஒண்ணும் மூணு சேர்” என்று தயக்கமின்றிச் சொன்னாள். அவளருகே இருந்த சிறுவன் 42 என எழுதியிருந்தான். 2இன் தலைமேற் சிறியதாக ஓர் 1உம் இட்டிருந்தான். அந்த ஒன்று யாது எனக் கேட்டேன். “மிச்சம் ஒண்ணு சேர்” என்றான். எதன் மிச்சம் எனக் கேட்டபோது மௌனமானான். பின்னர், “மேல போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க” என்றான்.

வகுப்பறை வழக்கின்படி சிறுவனின் விடைக்குச் சரியும் சிறுமியின் விடைக்குப் பிழையும் இடப்படும். அவன் கெட்டிக்காரன் எனவும் அவள் கணக்கு வராதவள் எனவும் அன்றே பெயர் பெறுவர். ஆயின், இவ்விருவரது அறிவையும் சற்று ஊன்றி நோக்கின், இருவருக்கும் தெரியாத செய்தி ஒன்றே என்பது புலனாகும். 27இல் உள்ள 2 என்பது இருபது என்பதை இருவரும் அறியார். சிறுமி தனக்குத் தெரிந்த கூட்டலை நேர்மையாகச் செய்தாள்; ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதும், இரண்டும் ஒன்றும் மூன்று என்பதும் தம்மளவிற் பிழையல்ல. சிறுவனோ தனக்கு விளங்காத கட்டளை ஒன்றுக்குப் பணிந்தான். எமது ஆரம்பக் கணிதபோதனை பணிவுக்குப் புள்ளியும் சிந்தனைக்குத் தண்டனையும் வழங்கி வருகின்றது என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. ஈரிலக்கக் கூட்டலைக் குழந்தை தன் கையாற் பொருள்களை எண்ணி, பத்துப் பத்தாகக் கட்டி, அக்கட்டுகளைச் சேர்த்துப் பார்த்து அறிதல் வேண்டும். எழுத்துக் கணக்கு அச்செய்கையின் பதிவாகவே பின்னர் வருதல் வேண்டும் என்பது இதன் துணிபு.

இலக்கியமும் வரலாறும் மெய்யியலும் பேசப்படும் இவ்வாண்டு மலரில் 27ஐயும் 15ஐயும் கூட்டுவது பற்றி எழுதுவதா என முகஞ் சுளிப்போர் இருக்கக்கூடும். பல்கலைக்கழக வாயிலை அடையாமலே நின்றுவிட்டோரிற் பலர் எங்கே நின்றனர் என்று அவர்கள் தேடிப் பார்க்கட்டும். க.பொ.த. சாதாரண தரக் கணிதத்திற் சறுக்கியவர்களுள் அந்தப் பத்தினிடத்திலேயே முதன்முதலிற் சறுக்கியோர் சிலரல்லர்.

‘மிச்சம்’ என்னும் மயக்கம்

‘பன்னிரண்டுக்கு இரண்டு, மிச்சம் ஒன்று’ என்பது எமது வகுப்பறைகளில் ஒலிக்கும் மந்திரங்களுள் ஒன்று. இதன் பொருளை ஆராய்ந்தோர் அரியர். பன்னிரண்டு ஈர்க்குகளை எடுத்துக்கொள்க. பத்தை எண்ணிக் கட்டுக. இப்போது எஞ்சி நிற்பவை எவை? இரண்டு தனி ஈர்க்குகளே எஞ்சி நிற்கின்றன. அந்த ஒன்று கட்டாகும். அது பத்து ஈர்க்குகளைத் தன்னுள் அடக்கியது. பன்னிரண்டின் பெரும்பகுதி அதுவே. ஆகவே மிச்சம் என்று சொல்லத்தக்கது இரண்டேயன்றி ஒன்றன்று. எமது மந்திரம் உண்மையைத் தலைகீழாக உரைக்கின்றது! பெரியதை மிச்சமென்றும் மிச்சத்தை விடையென்றும் கூறி, அதனை நூறுமுறை ஒப்புவிக்கச் செய்து, பின்னர் குழந்தைக்குக் கணக்கு ஏறவில்லை என்று கவலைப்படுகிறோம்.

இதில் வருந்தத்தக்கது யாதெனில், எமது மொழி இவ்விடயத்தில் எமக்குத் துணைநிற்க ஆயத்தமாக இருக்கின்றது என்பதே. இருபத்தேழு என்னும் சொல்லைப் பிரித்து நோக்குக: இரு பத்து, ஏழு. பதினைந்து என்பது பத்தும் ஐந்தும். எத்தனை பத்து, அதன்மேல் எத்தனை ஒன்று என்பதைத் தமிழ் எண்ணுப்பெயர் தானே சொல்லிவிடுகின்றது. ஆங்கிலத்திற் பதினொன்றையும் பன்னிரண்டையும் குறிக்கும் சொற்களிற் பத்து என்பது குழந்தையின் செவிக்குப் புலப்படுவதில்லை. பதினேழு போன்றவற்றிலோ ஒன்றுகளே முன்னே ஒலிக்கின்றன. சீனம், யப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளின் எண்ணுப்பெயர்கள் பத்தைத் தெளிவாகக் காட்டுவதால் அம்மொழிக் குழந்தைகளின் இடப்பெறுமான அறிவு பெறும் நன்மை குறித்து 1980களிலிருந்து ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. தமிழ் அந்நன்மையைப் பெரும்பாலும் உடையது. இருந்தும், இருபத்தேழு என வாயாற் சொல்லிய குழந்தையை மறுகணமே ‘இரண்டையும் ஒன்றையும் கூட்டு’ என்று பணிக்கிறோம். மொழி இருபது என்றதை ஆசிரியர் இரண்டு ஆக்கிவிடுகிறார்.

எமது பழைய எண்குறிகளும் இங்கு மனங்கொள்ளத்தக்கன. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் வழங்கிய அம்முறையில் 27 என்பது ௨௰௭ என எழுதப்பட்டது. இரண்டு, பத்து, ஏழு என்று எழுத்தே வாய்திறந்து பேசிற்று. இன்று நாம் எழுதும் இடமுறைக் குறியீடு கணித்தலுக்குப் பெரிதும் வசதியானது. அதனைக் கைவிட்டுப் பழமைக்குத் திரும்புக என எவரும் கூறார். ஆயினும் அவ்வசதிக்கு நாம் ஒரு விலை கொடுத்துள்ளோம். ௰ என்னும் குறி மறைந்து வெறும் இடமாயிற்று; பத்து என்பது கண்ணுக்குத் தெரியாததாயிற்று. ஏழு வயதுக் குழந்தை வெற்றிடத்தின் பொருளைத் தானே ஊகித்துக் கொள்ளும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. எழுத்து மறைத்ததைக் கை காட்டுதல் வேண்டும். கைச்செய்கைக்கு ஆதரவான வாதங்களுள் இதுவே தலையாயது என்பேன்.

தமிழ் எண்ணுப்பெயர்கள் முற்றிலும் சிக்கலற்றவை எனவும் சொல்வதற்கில்லை. எண்பதைத் தொடர்ந்து தொண்ணூறு வரும்போது, ‘நூறு’ என்னும் சொல் முன்கூட்டியே ஒலித்துக் குழந்தையை மயக்குவதுண்டு. ஒன்பது கட்டுகளை வரிசையாக அடுக்கித் தொண்ணூறு என எண்ணிக்காட்டி, பத்தாவது கட்டையும் சேர்த்து நூறு எனச் சொல்லும்போது அம்மயக்கம் தெளியும். இங்கும் சொல்லின் குறையைக் கையே நிரப்புகின்றது.

கையும் கணக்கும்

பொருளிலிருந்து குறியீட்டுக்குச் செல்லுதல் வேண்டும் என்பது புதிதாகக் கண்டறியப்பட்ட கொள்கையன்று. புலன்காட்சியே கல்வியின் அடிப்படை எனச் சுவிற்சர்லாந்தின் பெஸ்டலோசி வலியுறுத்தினார். ஜேர்மனியிற் புரோபல் விளையாட்டுப் பொருள்களைக் கல்விக் கருவிகளாக்கினார். 1907இல் உரோமாபுரியின் வறிய குடியிருப்பொன்றிற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மொண்டிசோரி அம்மையார், பத்து மணிகளைக் கோத்து ஒரு கோலாகவும், பத்துக் கோல்களைச் சேர்த்து ஒரு சதுரமாகவும், பத்துச் சதுரங்களை அடுக்கி ஒரு கனமாகவும் அமைத்துத் தசம முறையைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார். குழந்தையின் சிந்தனை செயலிலிருந்து முகிழ்க்கின்றது எனப் பியாஜே நிறுவ முயன்றார். 1960களில் சோல்ட்டான் டீனெஸ் தமது கட்டைகளோடு வந்தார். புறூணர் செயல்வழி, படவழி, குறியீட்டு வழி என அறிவின் மூவகை வடிவங்களை 1966இல் விளக்கினார். உழைப்பினூடாகவே மனிதனின் கை இன்றைய கையாயிற்று என 1876இல் எழுதிய ஏங்கெல்சை இவ்வரிசையிற் சேர்ப்பது பொருந்தாதெனச் சிலர் கருதலாம். கையைச் சிந்தனையிலிருந்து பிரித்துத் தாழ்த்தும் மனப்பாங்கு வர்க்க சமுதாயத்தின் விளைவு என்பதை உணர்ந்தோர் அவ்வாறு கருதார்.

பெயர்களை அடுக்குவதால் வகுப்பறை மாறாது. செய்யவேண்டியது யாது என்பதைச் சொல்லுதல் வேண்டும். நால்வர் கொண்ட குழுவுக்கு எழுபது ஈர்க்குகள். கட்டுவதற்கு வாழைநாரோ இறப்பர் வளையமோ. தென்னை இல்லாத மலைநாட்டிலே தேயிலைக் குச்சிகள் போதும். முதற்பாடம் கூட்டலன்று, எண்ணுதலும் கட்டுதலுமே. முப்பத்தெட்டு என்றவுடன் மூன்று கட்டும் எட்டுத் தனிக்குச்சியும் எடுத்துவைக்கும் ஆற்றல் வரும்வரை வேறெதுவும் வேண்டியதில்லை. ஆசிரியர் முன்கூட்டியே கட்டிக் கொணர்ந்த கட்டுகளைக் கொடுத்தலாகாது. கட்டுபவன் குழந்தையாகவே இருத்தல் வேண்டும். தான் கட்டிய கட்டினுள் பத்து இருப்பதை அக்குழந்தை நம்பவேண்டியதில்லை. அது அதற்குத் தெரியும்.

அடுத்து 38உம் 26உம் எனக் கொள்வோம். குழு ஒரு பக்கம் மூன்று கட்டும் எட்டும், மறுபக்கம் இரண்டு கட்டும் ஆறும் வைக்கின்றது. எவ்விதியும் சொல்லாது, ‘எல்லாமாக எத்தனை?’ என்று மட்டும் கேட்க வேண்டும். சிலர் கட்டுகளையே முதலிற் சேர்ப்பர்: ஐந்து கட்டு, ஐம்பது. பின்னர் தனிக்குச்சிகள் பதினான்கு, அவற்றிலிருந்து ஒரு கட்டு, அறுபத்து நான்கு. வேறு சிலர் ஆறிலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்து உடனே கட்டிவிடுவர். தாமே வழிகாண விடப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் பத்துகளிலிருந்தே தொடங்குகின்றனர் என்பதைக் கொன்ஸ்ரன்ஸ் கமீ 1980களில் எடுத்துக்காட்டினார். வலமிருந்து தொடங்குக என்னும் விதி எழுத்துக் கணக்கின் வசதிக்காக எழுந்தது. எண்ணின் இயல்பிலிருந்து எழுந்ததன்று. அவ்விதியை இயற்கை நியதிபோலத் தொடக்கத்திலேயே திணிப்பது குழந்தையின் இயல்பான நியாயத்தை முறிப்பதாகும்.

இதன் பின்னர் படம்: கட்டுக்கு ஒரு கோடு, தனிக்குச்சிக்கு ஒரு புள்ளி. அதன் பின்னரே இலக்கம். பத்தினிடத்தின்மேல் எழுதும் சிறிய ஒன்றை எழுதும்போது, ‘இது எந்தக் கட்டு?’ என்ற கேள்விக்கு மேசைமேலுள்ள கட்டைச் சுட்டிக்காட்டக் குழந்தையால் இயலவேண்டும். அன்று முதல் ‘மிச்சம் ஒன்று’ என்னும் சொல் வகுப்பறையிலிருந்து நீங்கட்டும். ‘இரண்டு மிச்சம், கட்டு ஒன்று’ என்று சொல்வோம். கழித்தலிலும் ‘கடன் வாங்குதல்’ என்னும் திருப்பிக் கொடாத கடன் ஒழிந்து, ‘கட்டை அவிழ்த்தல்’ என்னும் சொல் வரட்டும். சொல்லில் என்ன இருக்கிறது எனக் கேட்போர், சீன, அமெரிக்க ஆரம்ப ஆசிரியர்களை ஒப்பிட்டு லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட ஆய்வை நோக்குக. அமெரிக்க ஆசிரியர் பலர் கடன் வாங்குதலைப் பற்றியே பேச, சீன ஆசிரியர் பலர் உயர் அலகைப் பிரித்தலைப் பற்றிப் பேசினர். முன்னவரின் சொல் வெறும் செயல்முறையைக் குறித்தது. பின்னவரின் சொல் அதன் காரணத்தையும் உடன் சொல்லிற்று.

மறுப்புகளும் மறுமொழியும்

நேரம் இல்லை என்பது முதலாவது மறுப்பு. குச்சி கட்டிக்கொண்டிருந்தாற் பாடவிதானம் முடியாது என்பர். முடிக்கப்பட்ட பாடவிதானம் எங்கே நிற்கின்றது? மூன்றாந் தரத்தில் ‘முடித்த’ கூட்டலை நான்காந் தரத்தில் மீண்டும் தொடங்குகிறோம். ஐந்தாந் தரத்திற் புலமைப் பரிசிற் பரீட்சைக்காக மூன்றாவது முறையும் பயிற்றுகிறோம். இருவாரக் குச்சிக்கட்டுக்கு நேரமில்லாதோருக்கு மூன்றாண்டு மீள்போதனைக்கு நேரம் இருப்பது வியப்பே.

வளமில்லை என்பது இரண்டாவது. ஆய்வுகூடத்துக்கும் கணினிக்கும் இது பொருந்தலாம், ஈர்க்குக்குப் பொருந்தாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திற் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டமை எமக்கு நினைவிருக்கும். கடதாசியை நம்பிய கல்வி கடதாசி இன்றிச் செயலிழந்தது. நாட்டில் அன்றும் புளியங்கொட்டைக்கும் சோடா மூடிக்கும் தேயிலைக் குச்சிக்கும் தட்டுப்பாடு இருக்கவில்லை. பெருந்தொற்றுக் காலமான 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டு, வசதியுள்ள குழந்தைகளுக்குத் தொலைபேசித் திரையினூடாகப் பாடம் வந்தபோதும், திரையிற் தெரிந்தது பெரும்பாலும் பழைய மந்திரமே. வீட்டு முற்றத்து ஈர்க்கை எடுத்து வரச் சொல்லும் எண்ணம் எத்தனை பேருக்குத் தோன்றிற்று?

மூன்றாவது மறுப்புச் சற்றுக் கனமானது. எம் முன்னோர் எண்சுவடியை மனனஞ் செய்தே பெருங்கணக்கர்களாயினர். மனனத்தைப் பழிப்பது மேனாட்டு மோகம் என்பர். மனனத்தை யான் பழிக்கவில்லை. ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு என்பது வரையுள்ள கூட்டல்கள் நாநுனியில் நிற்றல் வேண்டும். ஒவ்வொரு முறையும் குச்சியைத் தேடுபவன் கணிதத்தில் முன்னேறான். ஆனால், திண்ணைப் பள்ளியின் மாணவன் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தான் என்பதையும், நெல்லிலக்கத்தை ஒப்புவித்த சிறுவன் நாழியையும் மரக்காலையும் களத்திலும் வீட்டிலும் நாள்தோறும் கண்டவன் என்பதையும் மறக்கலாகாது. அவனது மனனத்தின் அடியிற் பொருளும் தொழிலும் இருந்தன. அவற்றை அகற்றிவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு அதனை மரபு என்று கொண்டாடுவோர் மரபுக்குச் செய்வது மரியாதையன்று. அம்மரபு எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக இருந்ததா என்னும் கேள்வியையும் இங்குக் கேட்காது விடுதல் நேர்மையாகாது. அத்திண்ணையில் இடமற்றிருந்த சாதியினரின் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் இன்று எமது வகுப்பறையில் இருக்கின்றனர்.

காசைக் கொண்டு கற்பிக்கலாமே எனச் சிலர் கூறுவர். கற்பிக்கலாம், ஆனால் பின்னரே. பத்து ரூபாய்க் குற்றியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்து ஒற்றை ரூபாய்கள் இல்லை. அது ஏற்கெனவே ஒரு குறியீடு. ஒற்றை ரூபாய்க் குற்றியோ விலைவாசியின் பெருக்கத்தாற் குழந்தையின் கைக்கு அரிதாகவே வருவது. கட்டிப் பழகிய பிள்ளைக்குக் காசு எளிதாகும். காசில் தொடங்கிய பிள்ளை மீண்டும் ஒரு நம்பிக்கையிலேயே தொடங்குகின்றது.

செயற்பாடு என்னும் சடங்கு

இதுவரை பழைய முறையினரோடு வழக்காடினேன். இனிப் புதிய முறையினர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரோடும் வழக்காட வேண்டியுள்ளது. ஏனெனில் செய்கைவழிக் கல்விக்கு உள்ளிருந்து நேரும் கேடு வெளியிருந்து நேர்வதிலும் பெரிது. 1997இன் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றையும் ஆரம்பக் கல்வியின் வழிகளாக வகுத்தது. 1998இற் கம்பஹா மாவட்டத்திலும் 1999இல் நாடெங்கும் முதலாந் தரத்தில் அது நடைமுறைக்கு வந்தது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ‘செயற்பாடு’ என்னும் சொல் அறியாத ஆரம்ப ஆசிரியர் இன்று இலர். ஆயின் நிகழ்வது யாது?

வண்ணக் கடதாசியிற் கனிமரம் வெட்டி ஒட்டப்படுகின்றது. இரவிரவாக விழித்திருந்து வெட்டியவர் ஆசிரியர், சில வேளைகளிற் பிள்ளையின் தாய். மேற்பார்வைக்கு அதிகாரி வரும் நாளிற் சுவர்கள் பொலிகின்றன. ஆசிரியர் முன்னே நின்று கனிகளைப் பறித்துக் கூட்டிக் காட்டுகின்றார். முப்பத்தைந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஒரு கை மட்டும் செய்கின்றது. அது ஆசிரியரின் கை. பின்னர், ‘சரி, இனிக் கணக்குக் கொப்பியை எடுங்கள்’ என்றதும் பழைய மந்திரம் திரும்பி வருகின்றது. செயற்பாட்டுக்கும் கொப்பிக்கும் இடையே பாலம் எதுவும் இல்லை. குழந்தை இவற்றை இரு வேறு உலகங்களாக உணர்கின்றது: ஒன்று விளையாட்டு, மற்றையது கணக்கு. இதனைக் கண்டு பெற்றார் ‘விளையாட்டு எதற்கு?’ என்று கேட்டால், அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

பொருள்களுக்குள் மந்திரசக்தி எதுவும் இல்லை என்று 1992இல் அமெரிக்கக் கல்வியியலாளர் டெபோரா போல் எச்சரித்தார். கணிதம் குச்சியிலில்லை. குச்சியைக் கட்டுவதற்கும் இலக்கத்தை எழுதுவதற்கும் இடையில் நிகழும் கேள்வியிலும் பேச்சிலுமே அது பிறக்கின்றது. கட்டியது ஏன், அவிழ்ப்பது எப்போது, இந்த ஒன்று எந்தக் கட்டு, விடை முப்பதுக்குமேல் வருமா கீழே வருமா என்னும் கேள்விகளைக் கேட்கத் தெரியாத ஆசிரியரின் கையில் ஈர்க்கு வெறும் விளக்குமாறே. இக்குற்றத்தை ஆசிரியர்மீது மட்டும் சுமத்துதலும் முறையன்று. தாமே மந்திரத்தாற் கற்று, மந்திரத்தாற் பரீட்சை சித்தியடைந்து, கூட்டலின் காரணத்தை எவரும் ஒருமுறையேனும் விளக்கக் கேளாத ஒருவரிடம் அதனை எதிர்பார்க்கிறோம்.

கணக்கப்பிள்ளையின் கொப்பி

மீண்டும் அத்தோட்டப் பாடசாலைக்கு வருவோம். 312 என எழுதிய சிறுமியிடம் குச்சிகளைக் கொடுத்தேன். அவள் இருபத்தேழை எண்ணினாள், பதினைந்தை எண்ணினாள், கட்டினாள், நாற்பத்திரண்டு என்றாள். பின்னர் தன் கொப்பியைப் பார்த்தாள். “முந்நூத்திப் பன்னெண்டு குச்சி நம்மகிட்ட இல்லவே இல்லயே சேர்” என்று சொல்லித் தானே அழித்துத் திருத்தினாள். அவள் பிழையை அவளுக்குச் சொன்னவன் நானல்லன். சிவப்பு மையும் அன்று. இதில் அரசியல் எங்கே இருக்கின்றது எனக் கேட்போருக்கு இதுவே விடை. விதியை மட்டும் கற்ற குழந்தைக்குத் தன் விடை சரியா பிழையா என்பதை அதிகாரத்திலுள்ள ஒருவரே சொல்லவேண்டும். காரணத்தைக் கற்ற குழந்தைக்கு மேன்முறையீடு செய்வதற்கு வேறொரு நீதிமன்றம் உண்டு.

அச்சிறுமியின் தாய் மலையிற் கொழுந்து பறிப்பவர். ஒரு நாளிற் பறித்த கொழுந்து இரண்டு மூன்று வேளைகளில் நிறுக்கப்படுகின்றது. ஒவ்வொரு நிறுவையிலும் இத்தனை கிலோ எனச் சொல்லப்படுகின்றது; சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு சொல்லப்படுகின்றது; எஞ்சியது பதியப்படுகின்றது. அந்நாளின் பெயர் முழுப்பெயரா அரைப்பெயரா என்பதும், மேலதிகக் கிலோவுக்கு உரியது எவ்வளவு என்பதும் அக்கூட்டலிலேயே தங்கியுள்ளன. ஈரிலக்கக் கூட்டல் அத்தாய்க்குப் பாடநூற் பயிற்சியன்று, அன்றன்றைய சோறு. தலைமுறை தலைமுறையாகக் கணக்கப்பிள்ளையின் கொப்பியே இறுதி வார்த்தையாக இருந்தது. கூட்டத் தெரியாமையால் மட்டும் அடிமைத்தனம் நிலைத்தது என்று கூறுவது அறியாமையாகும். நிலமும் கூலியும் அதிகாரமும் அதன் வேர்கள். ஆயினும், ‘எப்படி இந்தத் தொகை வந்தது?’ என்று கேட்கும் பழக்கம் எங்கோ ஓரிடத்திற் தொடங்கியாக வேண்டும். எதன் மிச்சம் என்று கேட்டபோது மௌனமாகிப் போகும் பிள்ளையை உருவாக்கும் வகுப்பறை அப்பழக்கத்தின் தொட்டிலாக மாட்டாது.

நகர்ப்புறத்தின் நிலை வேறு. கையாற் கற்றல் நல்லது என்பதை வணிகர் எம்மிலும் விரைவாக உணர்ந்துகொண்டனர். வீதிக்கு வீதி மொண்டிசோரி எனப் பெயர்ப்பலகை. உரோமாபுரியின் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பிறந்த முறை மாதக் கட்டணத்துக்கு விற்கப்படுகின்றது. மணிச்சட்டத்தில் விரைந்து கணிக்கப் பயிற்றும் வகுப்புகளுக்கும் பணமுள்ள பெற்றார் வரிசையில் நிற்கின்றனர். ஐந்தாந் தரப் புலமைப் பரிசில், கன்னங்கராவின் காலத்து மத்திய வித்தியாலயங்களோடு இணைந்து, வறிய கிராமத்துப் பிள்ளையின் ஏணியாக எண்ணப்பட்டது. இன்று அந்த ஏணியைப் பிடிக்கவே தனியார் வகுப்புக்குப் பணம் வேண்டியுள்ளது. 1945இல் இலவசக் கல்வியும், 1980இல் இலவசப் பாடநூலும் பெற்ற நாட்டில், விளக்கம் மட்டும் விலைப்பொருளாகிவிட்டது. இலவசமாகக் கிடைப்பது விதி; விளக்கம் வேண்டுமாயின் மாலையிற் பணம் செலுத்துக என்னும் நிலையை இலவசக் கல்வி என அழைப்பது எவ்வாறு?

எமது கடன்

கலைப்பீடத்தினராகிய எம்முட் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகின்றோம். கணிதம் எமது துறையன்று என்று ஒதுங்குவது எமக்கு எளிது. சிறு வயதில் அதே மந்திரத்தால் விரட்டப்பட்டுக் கலைப்பீடத்திற் புகலடைந்தோரும் எம்மிடையே உளர். அதுவே எம்மை இவ்வழக்கில் தகுதியான சாட்சிகளாக்குகின்றது. கூட்டலின் காரணத்தை விளக்குவதற்கு உயர்கணிதம் வேண்டியதில்லை. சொல்லின் பொருளை ஆராயும் பழக்கமும், குழந்தையின் பிழைக்குள் இருக்கும் நியாயத்தைத் தேடும் பொறுமையும் வேண்டும். இவ்விரண்டும் எமது பயிற்சிக்குள் அடங்குவன.

எனவே இங்கு முன்வைப்பவை சிலவே. ஆசிரியர் கல்லூரிகளிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் ஆரம்பக் கணிதத்தின் காரணங்கள் தமிழிலேயே ஆழமாகக் கற்பிக்கப்படட்டும். செயற்பாட்டை மேற்பார்வை செய்வோர் சுவரைப் பார்ப்பதை விடுத்து, ஒரு பிள்ளையை அழைத்து, ‘இந்த ஒன்று எது?’ என்று கேட்கட்டும். எமது சங்கம் ஆண்டுதோறும் விழாவெடுக்கும் உற்சாகத்தில் ஒரு சிறு பங்கையாவது செலவிட்டு, தோட்டப் பாடசாலைகளுக்கும் வன்னியின் கிராமப் பாடசாலைகளுக்கும் சென்று பணிபுரியும் தொண்டர் அணி ஒன்றை அமைக்கட்டும். செல்வோர் எடுத்துச்செல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஈர்க்கும் குச்சியும் அங்கேயே கிடக்கின்றன. கட்டுவதற்குரிய சின்னஞ்சிறு கைகளும் அங்கேயே இருக்கின்றன. நாங்கள் கேட்கவேண்டிய கேள்வியோடு போனாற் போதும்.

‘மிச்சம் ஒன்று’ என ஓதி ஓதி எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளைக் கணக்கின் மிச்சங்களாக வெளியே தள்ளிவிட்டோம். இனியேனும் அவர்களைக் கட்டிலே சேர்த்து எண்ணுவோம்.